எல்லைக்கோடு அறியாத மணல்: பொழியூர் மீனவர்களுக்கு தில்லியில் இல்லாத சட்டம்

புது தில்லி: கேரளத்தின் தென்கோடிக் கடற்கரைக் கிராமம் பொழியூர். அதை அடுத்துள்ள நீரோடி, தமிழகம். 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு தமிழகத்துடன் இணைந்தது. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கோரிய நெய்யாற்றின்கரையோ கேரளத்திலேயே தங்கிவிட்டது. இருபுறமும் ஒரே கடல்தொழில், தமிழும் மலையாளமும் கலந்த ஒரே பேச்சு. 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலும் இருபுறத்து மீனவர்களையும் பிரித்துப் பார்க்கவில்லை.

மணலும் அப்படித்தான். எல்லைக்கு அப்பால் தமிழகப் பகுதியில் அமைக்கப்பட்ட தூண்டில் வளைவுகளே தங்கள் வீடுகளையும் சாலையையும் கடல் கொள்வதற்குக் காரணம் என்பது பொழியூர், தெற்குக் கொல்லங்கோடு மீனவர்களின் குற்றச்சாட்டு. கடலுக்குள் கல் கொட்டி நீட்டப்படும் இந்த வளைவு, கரையோரமாக நகரும் மணலை ஒருபுறம் பிடித்து வைக்கிறது. மணல் வரத்து குறைந்த மறுபுறத்தை அலை அரிக்கிறது. ஓர் ஊரைக் காக்க எழுப்பியது அடுத்த ஊருக்கு வினையாகிறது. அந்த அடுத்த ஊர் வேறு மாநிலத்தில் இருந்துவிட்டால் மனுவை எங்கே கொடுப்பது?

போராட்டம் இக்கடற்கரைக்குப் புதிதல்ல. மீன்கள் முட்டையிடும் பருவத்தில் இழுவலையைத் தடை செய்யக் கோரி 1980-களில் கேரள மீனவர்கள் உண்ணாவிரதமும் மறியலும் நடத்தினர். 1988-ல் தடை வந்தது. இன்று ஆண்டுதோறும் 52 நாள்கள் அது நடைமுறையில் உள்ளது. 1989 மே 1-ல் தேசிய மீனவர் பேரவையின் நீர், உயிர் காக்கும் பேரணி கன்னியாகுமரியில் முடிந்தபோது துப்பாக்கிச்சூடு நடந்தது. 1991-ல் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வெளியானது.

கடலடிப் பாறைத் திட்டுகளை இவர்கள் "பார்" என்பர். கரையிலுள்ள மலை, கோபுரம் ஆகியவற்றை நேர்கோட்டில் வைத்து அந்தப் பாரைக் கண்டுபிடிக்கும் கணக்குக்குக் "கணிச்சம்" என்று பெயர். எந்த அரசு வரைபடத்திலும் இடம்பெறாத அறிவு இது.

தில்லியின் கணக்கு வேறு. கடலோர எல்லைக்குள் மீன்வளம் மாநிலப் பட்டியலில் வருகிறது. அந்த மீனுக்கு அடியிலுள்ள மணலோ, அரசியல் சட்டத்தின் 297-வது பிரிவின்படி மத்திய அரசுக்குச் சொந்தம். கடல் கனிமங்களை ஏலம் விட வழிசெய்யும் திருத்த மசோதா, மணிப்பூர் விவகாரத்தில் அவை அமளியில் இருந்த 2023 ஆகஸ்டில் இரு அவைகளிலும் நிறைவேறியது. மீனவர்களின் வாழ்வைத் தொடும் ஒரு சட்டத்துக்கு அந்த விவாதம் போதாது என்பதே இந்நிருபரின் எண்ணம்.

2024 நவம்பரில் 13 கடல் பகுதிகள் ஏலத்துக்கு அறிவிக்கப்பட்டன. அவற்றில் கொல்லம் கடலில் அமைந்த மூன்று, கட்டுமான மணலுக்கானவை. 2025 பிப்ரவரி 27-ல் கேரளக் கடலோரத்தில் முழு அடைப்பு நடந்தது. மார்ச் 4-ல் மாநிலச் சட்டப்பேரவை எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றியது.

காட்டில் வாழ்வோருக்கு 2006-ல் வன உரிமைச் சட்டம் கிடைத்தது. பாரம்பரிய மீனவர் உரிமைகளுக்கென 2009-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் தயாரித்த வரைவு, சட்டமாகவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.