மலைச்சரிவில் விதை மரம்
பீர்மேட்டு மிளகுத் தோட்டங்களுக்கு ஏற்ற தாங்கு மரங்கள்

மிளகுக் கொடியின் வாழ்வு அது பற்றிப் படரும் மரத்தின் வாழ்வைப் பொறுத்தது. நன்கு பேணப்பட்ட கொடி இருபது ஆண்டுகளுக்கு மேலும் பலன் தர வல்லது. ஆனால் தாங்கு மரம் இடையில் சாய்ந்துவிட்டால் கொடியும் உடன் அழிகிறது. புதுக் கொடி வைத்து நிறைந்த பலன் காண உழவர் மீண்டும் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். ஆதலால் தாங்கு மரத்தைத் தேர்ந்தெடுப்பதும், அதனை எவ்வகையில் வளர்ப்பது என்பதும் சிறிய செய்திகள் அல்ல.

இடுக்கி மாவட்டத்துப் பீர்மேடு கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. தேயிலைத் தோட்டங்களுக்கு இடையே, வீட்டைச் சுற்றியுள்ள சிறு நிலங்களில் மக்கள் மிளகும் ஏலமும் பயிரிடுகின்றனர். தென்மேற்குப் பருவத்தில் கன மழையும் பலத்த காற்றும் சேர்ந்து வருவதால், ஆழ வேரூன்றாத மரம் இச்சரிவுகளில் நிலைப்பது அரிது.

முருக்கு மரத்திற்கு நேர்ந்தது

நெடுங்காலமாகக் கேரளத்தில் மிளகுக்குத் தாங்கு மரமாக விளங்கியது முருக்கு. தமிழகத்தில் இதனைக் கல்யாண முருங்கை என்பர். சுமார் 2005ஆம் ஆண்டில் மிகச் சிறிய குளவி இனமொன்று இம்மரங்களைத் தாக்கத் தொடங்கியது. இக்குளவி இளந்தண்டிலும் இலைக்காம்பிலும் முட்டையிடுகிறது. அவ்விடங்கள் கழலைபோல் வீங்குகின்றன. இலைகள் சுருண்டு உதிர்கின்றன. தாக்குதல் கடுமையானால் மரமே பட்டுப்போகிறது. குளவி தங்கிய கிளைகளைப் போத்துகளாக வெட்டி ஊர்விட்டு ஊர் கொண்டு செல்வதும் இது பரவ ஒரு வழியாகும்.

இதனின்று இரு பாடங்கள் பெறலாம். ஒன்று, தோட்டம் முழுவதும் ஒரே வகை மரத்தை நம்பியிருத்தல் தகாது. மற்றொன்று, போத்து நடுதல் எளிது என்பதற்காக விதையை மறந்துவிடலாகாது. விதையிலிருந்து வளர்ந்த முருக்கையும் இக்குளவி தாக்கும் என்பது உண்மையே. எனினும் வேறு மரங்களை நாடும்போது, விதை தரும் நன்மையையும் கணக்கிற் கொள்ளல் வேண்டும்.

போத்தும் விதையும்

முருக்குக்கு மாற்றாகப் பலர் கொள்ளும் மரம் கிளைரிசிடியா, மலையாளத்தில் சீமைக்கொன்னை. மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும் இதன் தாயகம். அவரைக் குடும்பத்தைச் சேர்ந்ததாதலின் வேர் முடிச்சுகளின் வாயிலாகக் காற்றிலுள்ள நைட்ரஜனை நிலத்தில் சேர்க்கிறது. தழை சிறந்த பசுந்தாள் உரமாகிறது.

போத்திலிருந்து வளரும் மரம் விரைவில் உயர்கிறது. அடுத்த பருவத்திலேயே கொடி ஏற்றலாம். ஆனால் அதன் வேர்கள் வெட்டுவாயிலிருந்து பக்கங்களில் கிளைத்து மேலாகவே பரவுகின்றன. விதை மரமோ ஆணிவேரை ஆழச் செலுத்துகிறது. காற்றையும் கோடை வறட்சியையும் தாங்குகிறது. கொடி ஏற்ற மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும் என்பதே அதன் குறை. எனவே பழைய மரங்கள் நிற்கும்போதே அவற்றினிடையே விதைக் கன்றுகளை நட்டு வருவது அறிவுடைமை.

விதை சேகரித்தல்

இலையுதிர்ந்த வறண்ட மாதங்களில் இம்மரம் பூக்கிறது. இடைவிடாது மழை பெறும் இடங்களில் காய்கள் குறைவாகவே பிடிக்கும். ஆகவே பீர்மேட்டார், மலைக்குக் கிழக்கே மழை குறைந்த கம்பம் பள்ளத்தாக்குப் போன்ற இடங்களில் விதை தேடுவது நலம். முற்றிய காய்கள் மரத்திலேயே வெடித்து விதையைத் தொலைவில் வீசிவிடும். காய் பழுப்பு நிறம் அடையத் தொடங்கியதும் பறித்து, வலையால் மூடி வெயிலில் உலர்த்த வேண்டும். விதையும் பட்டையும் நச்சுடையன. எலிகளைக் கொல்லப் பயன்பட்டவை. குழந்தைகள் வாயிலிடாமல் பார்த்துக்கொள்க.

விதைத்தோலின் தன்மை அறிதல்

எல்லா விதைகளுக்கும் ஒரே முறை பொருந்தாது. கிளைரிசிடியா விதையின் தோல் மெல்லியது. இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவைத்தாலே போதும்.  முருக்கின் விதைத்தோலோ கடினமானது. காஷ்மீரம், இமாசலம் ஆகிய குளிர்ப் பகுதிகளில் வளர்க்கப்படும் ரொபீனியா என்னும் வட அமெரிக்க மரத்தின் விதையும் அத்தகையதே. அம்மரம் பீர்மேட்டிற்கு உரியதன்று. ஆனால் அதற்குக் கையாளும் முறை கடினத்தோல் விதை பலவற்றுக்கும் ஏற்றது. கொதித்த நீரை அடுப்பினின்று இறக்கி, விதையின் அளவைப்போல் நான்கைந்து மடங்கு ஊற்றி, ஆறும்வரை விட்டு, மறுநாள் காலை வரை ஊறவிட வேண்டும். பருத்த விதைகளை உடனே விதைக்கலாம். பருக்காதவற்றிற்கு மீண்டும் அவ்வாறே செய்யலாம்.

நாற்றும் நடவும்

மார்ச்சு மாதத்தில் பைகளில் மண்ணும் மணலும் மக்கிய எருவும் கலந்து நிரப்பி, ஒன்று அல்லது இரண்டு சென்டிமீட்டர் ஆழத்தில் விதைக்க வேண்டும். புது விதையாயின் கிளைரிசிடியா ஒன்றிரண்டு வாரங்களில் முளைக்கும். வளர்ந்த மரத்தடி மண்ணில் ஒரு பிடி சேர்த்தால் வேர் முடிச்சுக்குரிய நுண்ணுயிர் கிடைக்கும். ஆணிவேர் பையின் அடியில் சுருளுமுன், ஜூன் மழை தொடங்கியதும் சம உயரக் கோட்டில் நட வேண்டும். மூன்று மீட்டர் இடைவெளி விட்டால் எக்டேருக்கு ஏறத்தாழ 1,100 மரங்கள் கொள்ளும். பக்கக் கிளைகளைக் கழித்து ஒற்றைத் தண்டாக வளர்த்தல் அவசியம்.

2021 அக்டோபரில் பீர்மேடு வட்டத்துக் கொக்கையாறில் ஏற்பட்ட நிலச்சரிவு உயிர்களைப் பலி கொண்டது. ஆழத்திலிருந்து பெயரும் நிலத்தை மரங்கள் மட்டும் தடுத்து நிறுத்தா. ஆயினும் மேல் மண் அரிப்பைக் குறைப்பதில் வேர்களின் பங்கு பெரிது.

கிருஷி பவன் பணியாளர்கள் தங்கள் பகுதியில் ஒரு வரிசையேனும் விதைக் கன்றுகளை நடச் செய்து, பக்கத்து வரிசையில் போத்துகளை நட்டு ஒப்பிட்டுக் காட்டலாம். ஆசிரியர்கள் ஆழமான இரு பைகளில், ஒன்றில் போத்தும் மற்றொன்றில் விதையும் இட்டு, நான்கு மாதம் சென்றபின் பைகளைக் கிழித்து, மண்ணைக் கழுவி, வேர்களை மாணவர்க்குக் காட்டலாம். போத்தின் வேருக்கும் விதைக் கன்றின் வேருக்கும் உள்ள வேற்றுமையை மாணவர் தாமே கண்டறிவர். வீட்டிற்குச் சென்று பெற்றோர்க்கும் எடுத்துரைப்பர்.