கவலைக்கு ஓய்வு கொடுத்த பெரியவர்

அனந்தபுரம் பக்கத்துப் பெரியவர்களிடம் கேளுங்கள். விடியுமுன் மாடு பூட்டிக் கவலை இறைத்த பாட்டைச் சொல்வார்கள். அந்தப் பாட்டைக் குறைத்தவர்களில் ஒருவர் கோவை ஜி.டி.நாயுடு.

1893-ல் கலங்கல் கிராமத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிப் படிப்பில் மனம் செல்லவில்லை. ஓட்டலில் வேலை பார்த்துச் சேர்த்த காசில் மோட்டார் சைக்கிள் வாங்கி, அக்கக்காகக் கழற்றிப் பூட்டித் தொழில் கற்றார். 1920-ல் பொள்ளாச்சி–பழனி இடையே பஸ் விட்டார். 1937-ல் டி.பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து மின்மோட்டாரை நம் நாட்டிலேயே செய்தார். பருத்தி, பப்பாளியிலும் ஆராய்ச்சி செய்தார்.

1974-ல் மறைந்தார். அவர் சேர்த்த கருவிகளைக் குடும்பத்தார் கோவையில் காட்சிக்கு வைத்துக் காக்கிறார்கள்.

நம்மால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அடுத்தமுறை மெக்கானிக் வந்து மோட்டாரைப் பிரிக்கும்போது, பிள்ளைகளைப் பக்கத்தில் நிறுத்துங்கள். பார்த்துக் கற்கட்டும்.