இளைக்க ஓர் ஊசி!

வாரத்துக்கு ஒரே ஓர் ஊசி. உடம்பு தானாக இளைக்கும் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

'ஓஸெம்பிக்' டென்மார்க் தேசத்து நோவோ நார்டிஸ்க் கம்பெனியின் மருந்து. 2017-ல் அமெரிக்கா இதை அநுமதித்தது நீரிழிவுக்காகத்தான். சாப்பிட்டதும் குடலில் சுரக்கும் ஹார்மோன் ஒன்றைப் போல வேஷம் போட்டு, இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது. 'போதும்' என்று மூளைக்கும் சொல்லிவிடுகிறது. பசி அடங்கிற்று, எடையும் இறங்கிற்று. அப்புறம் கேட்பானேன்! 2021-ல் இதே மருந்து, அளவு கூடி, 'வீகோவி' என்ற பெயரில் பருமனுக்கென்றே வந்தது. பரிசோதனையில் 68 வாரத்தில் சராசரி 15 சதவிகித எடை குறைந்ததாம். ஆனால் 2022-ல் அமெரிக்காவில் ஓஸெம்பிக்குக்குத் தட்டுப்பாடு. இளைக்க விரும்பியவர்களும் வாங்கிக் குவித்ததால், நீரிழிவுக்காரர்கள் கடை கடையாக அலைந்தார்கள். இது என்ன நியாயம்?

குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் சகஜம். பித்தப்பைக் கல்லும் கணைய வீக்கமும் சிலருக்கே வரும், வந்தால் ஆஸ்பத்திரிதான். கொழுப்போடு தசையும் கரைகிறது. நிறுத்தினாலோ, ஒரே வருஷத்தில் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டதாம்!

கர்ப்பம் தரிக்க விரும்பும் பெண்கள் இரண்டு மாதம் முன்பே ஊசியை நிறுத்திவிட வேண்டும். இதைத் தோழி சொல்லமாட்டாள். டாக்டரிடம்தான் கேட்க வேண்டும்.