போகவிடும் காற்று, திரும்பவிடாது

வைகாசி பிறந்தால் தென்காசிப் பக்கம் காற்று மாறிவிடும். ஆரியங்காவுக் கணவாய் வழியாகப் புகும் தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டை, குற்றாலம், கடையநல்லூர் என்று வெளியெங்கும் இரைந்துகொண்டு வீசும். தெற்கே ஆரல்வாய்மொழியிலும், பாலக்காட்டுக் கணவாயின் காற்று இறங்கும் உடுமலை, பல்லடம் பக்கத்திலும் இதே நிலைதான். காற்றாலைகள் இங்கெல்லாம் வரிசைகட்டி நிற்பது அதனால்தான். சாரல், பச்சை வயல், பின்னால் மேகம் மூடிய மலை என்று படம்பிடிக்க இதைவிட நல்ல பருவம் கிடையாது. கையடக்க ட்ரோன் வைத்திருப்பவர்கள் அதை அதிகம் வெளியே எடுப்பதும் இந்த மாதங்களில்தான். கால் கிலோகூட இல்லாத அந்தக் கருவிக்கு ஆண்டிலேயே கடினமான மாதங்களும் இவையே.

2021-ல் வந்த ட்ரோன் விதிகளின்படி 250 கிராம் வரை உள்ளவை ‘நானோ’ வகை. அவற்றை இயக்க ரிமோட் பைலட் சான்றிதழ் தேவையில்லை. அதனால் 249 கிராம் மாடல்களுக்குக் கல்யாண வீடியோக்காரர்களிடமும் யூடியூப் இளைஞர்களிடமும் நல்ல மவுசு. சான்றிதழ் வேண்டாம் என்பதைப் பயிற்சியே வேண்டாம் என்று பலரும் எடுத்துக்கொள்வதில்தான் ஆபத்து தொடங்குகிறது.

அசையாமல் நிற்பது ஏமாற்றும்

ட்ரோனை மேலே ஏற்றி, கட்டுப்பாட்டுக் குமிழிலிருந்து விரலை எடுத்தால் அது அந்த இடத்திலேயே நிற்கும். ஜிபிஎஸ் துணையோடு ஓயாமல் தன் இடத்தைச் சரிசெய்துகொள்கிறது. கேமராவைத் தாங்கும் கிம்பல் ஆட்டத்தை விழுங்கிவிடுவதால் திரையில் படமும் ஆடாது. காற்றே இல்லை என்று தோன்றும்.

பத்தடி உயரத்தில் நிறுத்திவிட்டு, திரையைப் பார்க்காமல் ட்ரோனையே ஒரு நிமிடம் பாருங்கள். எதிர்காற்றில் சைக்கிள் மிதிப்பவர் குனிவதுபோல, காற்று வரும் பக்கம் சாய்ந்தே நிற்கும். ஒவ்வொரு வீச்சுக்கும் மோட்டாரின் ரீங்காரம் கீச்சென்று ஏறி இறங்கும். அந்தச் சாய்வையும் சத்தத்தையும் நம்புங்கள். நிற்பதற்கே இத்தனை பாடுபடும் கருவியிடம், காற்றை எதிர்த்துத் திரும்பி வர மிச்சம் எவ்வளவு இருக்கும்?

டிஜேஐ மினி 2-ஐ எடுத்துக்கொள்வோம். சாதாரண நிலையில் அதன் உச்ச வேகம் நொடிக்கு 10 மீட்டர், ஸ்போர்ட் நிலையில் 16 மீட்டர். தாங்கும் காற்று நொடிக்கு 8.5 முதல் 10.5 மீட்டர் என்று குறிப்பேடு சொல்கிறது. அதாவது மணிக்கு 30 முதல் 38 கிலோமீட்டர். நொடிக்கு 8 மீட்டர் காற்று வீசும்போது, அதன் போக்கிலேயே 500 மீட்டர் போக ஒரு நிமிடம்கூட ஆகாது. காற்றை எதிர்த்து 10 மீட்டர் வேகத்தில் திரும்புகிறது என்று வைத்துக்கொண்டால், 8 போக மிஞ்சுவது 2 மீட்டர்தான். அதே தூரத்துக்கு நான்கு நிமிடத்துக்கு மேல் ஆகும். ஸ்போர்ட் நிலையில் வேகமாக வரலாம். ஆனால் பேட்டரி மளமளவென்று இறங்கும். 31 நிமிடம் பறக்கும் என்பது காற்றே இல்லாத சூழலில், மணிக்கு 17 கிலோமீட்டர் வேகத்தில் அளந்த கணக்கு. சீசன் காலத்துத் தென்காசியில் அதை எதிர்பார்க்கக் கூடாது.

ஆகவே முதல் விதி: போகும்போது எதிர்காற்றில் போங்கள், வரும்போது காற்று தள்ளிக்கொண்டு வரட்டும். எடுக்க வேண்டிய காட்சி காற்றின் போக்கில் இருந்தால், ட்ரோனை அனுப்பாமல் நீங்கள் அந்தப் பக்கம் போய் அங்கிருந்து ஏற்றுங்கள். பேட்டரி பாதிக்கு வரும்போதே திரும்பத் தொடங்குங்கள்.

கீழே ஒரு காற்று, மேலே ஒரு காற்று

வானிலை முன்னறிவிப்பில் வரும் காற்று வேகம் பொதுவாகத் தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்துக்கானது. திறந்தவெளியில் 100 மீட்டர் உயரத்தில் அது ஏறத்தாழ 40 சதவீதம் கூடிவிடும். கீழே மணிக்கு 25 கிலோமீட்டர் என்றால் மேலே 35. வேகம் இரட்டித்தால் தள்ளும் விசை நான்கு மடங்காகும். எனவே சராசரி வேகத்தோடு, திடீர் வீச்சின் வேகத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

குறிப்பேட்டில் ‘லெவல் 5’ என்று போட்டிருப்பது, பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் பியூஃபோர்ட் 1805-ல் வகுத்த அளவுகோலிலிருந்து வந்தது. அதன் இன்றைய வடிவத்தில் நான்காம் நிலை என்றால் தெருப்புழுதியும் காகிதமும் கிளம்பும். ஐந்தில் சிறு மரங்கள் முழுதாக ஆடத் தொடங்கும். புழுதி கிளம்புகிறதா, உயரம் வேண்டாம். சிறு மரம் ஆடுகிறதா, ட்ரோன் பைக்குள்ளேயே இருக்கட்டும்.

மலையடிவாரத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. மலையைத் தாண்டி இறங்கும் காற்று சுழன்றும் கீழ்நோக்கி அமுக்கியும் வீசும். உயர்ந்த கட்டடத்தின் பின்புறமும், சுழலும் காற்றாலைக்குப் பின்னாலும் இப்படித்தான். அங்கே காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கும் என்று கணிக்கவே முடியாது. விலகியே பறக்கவிடுங்கள்.

விடிந்த கையோடு பறக்கவிடுவது நல்லது. வெயில் ஏறித் தரை சூடானதும் மேல்காற்று கீழே கலக்கத் தொடங்கும். கடற்கரையில் முற்பகலுக்குப் பிறகு கடல்காற்றும் சேர்ந்துகொள்ளும்.

இறக்கைப் பாதுகாப்பு வளையம் மாட்டினால் காற்று பிடிக்கும் பரப்பு கூடும். எடையும் 250 கிராமைத் தாண்டலாம். அப்புறம் அது நானோ இல்லை. விளிம்பு சிதைந்த இறக்கையோடு ஒருபோதும் ஏற்றாதீர்கள்.

மாட்டிக்கொண்டால்

ட்ரோன் முன்னேறாமல் திணறினால் பலரும் பதறிப்போய் ‘ரிட்டர்ன் டு ஹோம்’ பொத்தானை அழுத்துகிறார்கள். குறித்துவைத்த உயரத்துக்குக் கீழே இருந்தால், அது முதலில் அந்த உயரத்துக்கு ஏறிவிட்டுத்தான் திரும்பும். காற்று இன்னும் பலமாக இருக்கும் இடத்துக்கு நாமே அனுப்பிவைப்பதாக ஆகிவிடும். செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறு. மரம், மின்கம்பிக்கு மேலாக, எவ்வளவு தாழ முடியுமோ அவ்வளவு தாழ இறக்குங்கள். அங்கே காற்று தணிந்திருக்கும். பிறகு ஸ்போர்ட் நிலைக்கு மாற்றி நேராக உங்களை நோக்கிக் கொண்டுவாருங்கள். தடையைக் கண்டு தானே நிற்கும் வசதியுள்ள மாடல்களிலும் ஸ்போர்ட் நிலையில் அது வேலை செய்யாது என்பதை மறக்க வேண்டாம்.

அப்படியும் வரவில்லையா? கடைசிச் சொட்டு பேட்டரிவரை போராடாதீர்கள். கேமராவைக் கீழே திருப்பி, ஆளில்லாத வயலோ தரிசோ பார்த்து இறக்கிவிட்டு, வரைபடத்தில் இடத்தைக் குறித்துக்கொண்டு போய் எடுத்துவாருங்கள். சக்தி தீர்ந்து விழும் ட்ரோன் எங்கே விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. நூறு மீட்டரிலிருந்து விழும் கால் கிலோ, ஒரு குழந்தையின் தலைக்கு லேசானது அல்ல.

முன்பணம் வாங்கும்போதே பேசுங்கள்

ஆடியில் கல்யாணம் இல்லை. ஆனால் வைகாசி, ஆனி, ஆவணி முகூர்த்தங்கள் எல்லாம் இந்தக் காற்றுக்காலத்துக்குள்தான் வருகின்றன. மண்டப வாசலில் ஊரே கூடியிருக்க, “தம்பி, ஒரே ஒரு ஷாட்” என்று பெண்ணின் அப்பா கேட்கும்போது மறுப்பது கஷ்டம். வாடிக்கையாளர் முகம் கோணிவிடுமே என்ற பயத்தில்தான் பலர் ஏற்றக்கூடாத காற்றில் ஏற்றுகிறார்கள். அந்த நெருக்கடியை அன்றைக்குத் தீர்க்க முடியாது. முன்பணம் வாங்கும்போதே, “காற்று அனுமதித்தால்தான் ட்ரோன், இல்லாவிட்டால் அந்தத் தொகையைக் கழித்துக்கொள்கிறேன்” என்று சொல்லி, எழுதியும் கொடுத்துவிடுங்கள். விவரம் சொன்னால் கேட்டுக்கொள்ளும் மனிதர்கள்தான் அதிகம். எதிர்காற்றில் திரும்பி வரும் பழக்கத்தையும் ஆளில்லாத மைதானத்தில், மிதமான காற்றுள்ள நாளில் முன்கூட்டியே பழகிக்கொள்ளுங்கள். அதைக் கற்றுக்கொள்ள அடுத்தவர் வீட்டுக் கல்யாணம் இடமில்லை.