சிறைக்குள்ளும் பந்து ஆடியவர்

அயர்லாந்து நாட்டின் தென்மேற்கில் கெரி என்று ஒரு மாவட்டம். அதில் கில்லார்னி என்பது ஏரியும் மலையும் சூழ்ந்த அழகான ஊர். 1882-ம் ஆண்டில் அங்கே பிறந்தவர் டிக் பிட்ஸ்ஜெரால்டு.

அவர் ஆடியது நாம் பார்க்கும் கால்பந்து அல்ல. அதற்குக் 'கெய்லிக் கால்பந்து' என்று பெயர். பந்தைக் கையால் பிடிக்கலாம், காலால் உதைக்கலாம். கம்பங்களுக்கு நடுவே, குறுக்குக் கட்டைக்குக் கீழே பந்து போனால் 3 பாயிண்டு. மேலே போனால் அந்தக் காலத்தில் 1 பாயிண்டு.

அப்போது அயர்லாந்தை ஆண்டது இங்கிலாந்து. சொந்த நாட்டு ஆட்டங்களை வளர்க்க ஐரிஷ்காரர்கள் 1884-ல் ஒரு சங்கம் அமைத்தார்கள். ஆட்டத்தோடு நாட்டுப்பற்றும் சேர்ந்து வளர்ந்தது.

மூன்று தடவை மோதல்

1903-ம் ஆண்டுப் பட்டத்துக்கான போட்டி 1905-ல்தான் நடந்தது! கெரி கோஷ்டியும் கில்டேர் கோஷ்டியும் மோதின. கெரி போட்ட ஒரு கோல் செல்லுமா, செல்லாதா என்று தகராறு. கூட்டம் மைதானத்துக்குள் புகுந்துவிட்டது. மறுபடியும் ஆடச் சொன்னார்கள். சரிசமம்! மூன்றாவது தடவை கெரி 8 பாயிண்டு, கில்டேர் 2 பாயிண்டு. பிறகு லண்டன் கோஷ்டியையும் தோற்கடித்து, கெரி பட்டம் பெற்றது.

பிட்ஸ்ஜெரால்டுக்கு அது முதல் பட்டம். 1904, 1909, 1913, 1914 என்று மேலும் நான்கு பட்டங்கள் கிடைத்தன. கடைசி இரண்டிலும் அவரே கேப்டன்.

1910-ல் நடந்ததுதான் வேடிக்கை. இறுதி ஆட்டத்துக்கு டப்ளின் போகவேண்டும். ரசிகர்களுக்குக் கட்டணச் சலுகை தர ரெயில் கம்பெனி மறுத்தது. கெரி கோஷ்டி ரெயில் ஏறவே இல்லை! எதிரில் ஆடவேண்டிய லவுத் கோஷ்டிக்கு ஆடாமலே பட்டம் போயிற்று. வீம்பு என்று சொல்பவர்கள் சொல்லட்டும். தங்கள் ரசிகர்களுக்காகப் பட்டத்தையே விட்டார்கள் அல்லவா?

1914-ல் அவர் ஒரு புத்தகம் எழுதினார். இந்த ஆட்டத்தை ஆடுவது எப்படி என்று சொல்லித் தந்த முதல் புத்தகம் அதுதான்.

முள்வேலிக்குள் பந்தயம்

1916-ல் டப்ளினில் விடுதலைப் புரட்சி வெடித்தது. நாடெங்கும் கைது. சுமார் 1,800 பேரை வேல்ஸ் நாட்டில் உள்ள பிரான்கோக் முகாமில் அடைத்தார்கள். அவர்களில் பிட்ஸ்ஜெரால்டும் ஒருவர்.

கைதிகள் சும்மா இருக்கவில்லை. பந்தை எடுத்தார்கள். மாவட்டவாரியாகக் கோஷ்டி பிரித்துப் போட்டி நடத்தினார்கள். முடிவில் மோதியவை யார் தெரியுமா? அதே கெரியும் லவுத்தும்! பிட்ஸ்ஜெரால்டு கேப்டனாக இருந்த கெரி, ஒரே ஒரு பாயிண்டில் ஜெயித்தது.

1930 செப்டம்பர் 26-ந் தேதி, கில்லார்னி கோர்ட்டு கட்டிடத்தின் கூரையிலிருந்து விழுந்து அவர் இறந்தார். இரண்டே நாளில் கெரிக்கு இறுதி ஆட்டம். ஊரே துக்கத்தில் இருந்தது. ஆனாலும் வீரர்கள் டப்ளின் போய் ஆடினார்கள். கெரிக்கு 20 பாயிண்டு. எதிர்த்து ஆடிய மோனகன் கோஷ்டிக்கு 2 பாயிண்டு.

1936-ல் கில்லார்னியில் ஒரு பெரிய மைதானம் திறந்து, அவர் பெயரை வைத்தார்கள். இன்றும் கெரி கோஷ்டி அங்கே ஆடுகிறது.