யோபுவின் வரலாறு சொன்ன படைத்தலைவர்



திருமுழுக்கு என்றதும் குருவானவர் வார்க்கும் நீரும், வெள்ளாடையும், எரியும் மெழுகுதிரியுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், வளர்ந்த ஒருவர் திருமுழுக்குத் தொட்டியருகே வந்து நிற்பதற்கு வெகு காலம் முன்பே, அவருடைய துயரத்தைச் செவிமடுத்தவர், அவர் கேட்டவற்றுக்குப் பொறுமையோடு விடை பகர்ந்தவர், ஆலய வாசல்வரை அவரை அழைத்து வந்தவர் என எவரேனும் ஒருவர் இருந்திருப்பார். அத்தகைய ஒருவரைப் பற்றியே இவ்வாரம் சிந்திப்போம்.

2022 மே 15ஆம் திகதி திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களால் புனிதராக உயர்த்தப்பட்ட மறைசாட்சி தேவசகாயத்தை நீங்கள் அறிவீர்கள். இந்திய மண்ணில் பிறந்து புனிதர் நிலையை எய்திய முதற் பொதுநிலையினர் அவர். 1712ஆம் ஆண்டு, இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள நட்டாலம் என்னும் ஊரில் நீலகண்டபிள்ளையாகப் பிறந்து, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனையில் அதிகாரியாய்ப் பணிபுரிந்தவர். அவரைத் திருமுழுக்கை நோக்கி வழிநடத்தியவர் ஒரு குருவானவர் அல்லர், உபதேசியாருமல்லர். அந்நிய நாட்டுப் போர்வீரர் ஒருவர். அவர் பெயர் யுஸ்தாக்கியுஸ் டிலனாய்.

டிலனாயின் வரலாறு நம் நாட்டோடும் தொடர்புடையது. ஒல்லாந்தர் கம்பனி இலங்கையிலிருந்து குளச்சலுக்கு அனுப்பிய படையிலே அவர் பணியாற்றினார். அக்காலத்தில் ஒல்லாந்தர் ஆண்ட நம் கரையோரங்களிலே கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டிருந்தது. புனித யோசேவாஸ் அடிகளார் 1687இல் மாறுவேடம் பூண்டு யாழ்ப்பாணத்துக்கு வர நேர்ந்தது அத்தடையினாலேயே. அதே கம்பனியின் படையில் இருந்த டிலனாயோ கத்தோலிக்கர்! மனிதர் அடைக்கும் வாயில்களுக்கு அருகிலேயே இறைவன் வேறொரு வாயிலைத் திறந்து வைக்கிறார்.

1741இல் குளச்சல் போரில் ஒல்லாந்தர் தோற்றனர். டிலனாய் சிறைப்பட்டார். அவருடைய போர்த்திறனைக் கண்ட மன்னர், தம் படைக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி அளிக்கும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தார். கைதியாய் வந்தவர், பின்னாளில் மக்கள் ‘வலிய கப்பித்தான்’ என்றழைக்கும் பெரிய படைத்தலைவர் ஆனார். அரசுப் பணியிலேயே அவருக்கும் நீலகண்டபிள்ளைக்கும் நட்பு மலர்ந்தது.

அந்நாள்களில் நீலகண்டபிள்ளையின் இல்லத்தை இழப்புகள் அடுத்தடுத்துத் தாக்கின. அவருடைய முகவாட்டத்தைக் கண்ட டிலனாய் காரணத்தை வினவினார். அதன் பின்னர் அவர் எடுத்துரைத்தது, அனைத்தையும் இழந்தும் இறைவனைக் கைவிடாத யோபுவின் வரலாறு.

அன்புக்குரியோரே, இங்கு சற்று நிற்போம். மறையுண்மைகளை வரிசைப்படுத்தி அவர் தொடங்கியிருக்கலாம். நண்பரின் பழைய நம்பிக்கையைக் குறைகூறித் தொடங்கியிருக்கலாம். அவரோ நண்பரின் கண்ணீரிலிருந்து தொடங்கினார். யோபுவின் நண்பர்களை எண்ணிப் பாருங்கள். ஏழு பகலும் ஏழு இரவும் அவர்கள் அவரருகே தரையில் மௌனமாய் அமர்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்களே. வாய் திறந்து, உன் பாவமே உன் துன்பத்துக்குக் காரணம் என்று வாதிடத் தொடங்கிய பின்னரே அவர்கள் தவறினார்கள். தோல்வியையும் சிறையையும் அந்நிய மண்ணின் தனிமையையும் தம் வாழ்விலேயே அறிந்திருந்தவர் டிலனாய். அத்தகையவர் சொல்லும்போது யோபுவின் வரலாறு வெறும் கதையாய் இருந்திருக்காது.

நீலகண்டபிள்ளையின் உள்ளத்தில் விசுவாசம் வேர்விட்டதும், டிலனாய் மற்றுமொரு சிறந்த செயலைச் செய்தார். நண்பரைத் தம்மோடு இருத்திக் கொள்ளாமல், திருவிதாங்கூர் எல்லைக்கு அப்பால் வடக்கன்குளத்திலிருந்த இயேசு சபைக் குரு புத்தாரி அடிகளாரிடம் கடிதம் கொடுத்து அனுப்பி வைத்தார். 1745 மே 14ஆம் திகதி அங்கே நீலகண்டபிள்ளை திருமுழுக்குப் பெற்றார். லாசர் என்னும் திருப்பெயரின் தமிழாக்கமே தேவசகாயம். பின்னர் அவருடைய துணைவியாரும் திருமுழுக்குப் பெற்று ஞானப்பூ என்னும் பெயரை ஏற்றார்.

திருத்தூதர் பணிகள் நூலின் எட்டாம் அதிகாரத்தில் வரும் பிலிப்பும் இவ்வாறே செய்தார். எத்தியோப்பிய அதிகாரியின் தேருக்கு அருகே ஓடிச் சென்றார். அவர் வாசித்துக் கொண்டிருந்த பகுதியிலிருந்தே பேச்சைத் தொடங்கினார். அவருக்குத் திருமுழுக்கு அளித்தார். அதன்பின் அவர் கண்களுக்கு மறைந்து போனார். அதிகாரியோ மகிழ்ச்சியோடு தம் வழியே சென்றார். வழிகாட்டியவர் மறைந்த பின்னரும் அம்மகிழ்ச்சி மறையவில்லை. ஏனெனில் அது வழிகாட்டியைப் பற்றிக்கொண்ட மகிழ்ச்சியன்று. கிறிஸ்துவைப் பற்றிக்கொண்ட மகிழ்ச்சி.

ஆயினும் இவ்வரலாறு மகிழ்ச்சியோடு மட்டும் நின்றுவிடவில்லை. 1749இல் தேவசகாயம் கைது செய்யப்பட்டார். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கொடுந்துன்பங்களை அனுபவித்து, 1752 ஜனவரி 14ஆம் திகதி ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். டிலனாயோ அதன்பின் 25 ஆண்டுகள் உயிர்வாழ்ந்து, திருவிதாங்கூர்ப் படையிலேயே பணியாற்றி, 1777இல் மறைந்தார். உதயகிரிக் கோட்டையில் அவரது கல்லறை இன்றும் உள்ளது. யோபுவின் வரலாற்றைச் சொன்னவர், அதைக் கேட்டவர் தம் கண்முன்னே யோபுவாய் மாறிய காலத்தையும் கடந்து வாழ வேண்டியிருந்தது. ஒருவரைக் கிறிஸ்துவிடம் அழைத்து வருவது சிறு காரியமன்று. அவரைச் சிலுவைக்கும் அருகே அழைத்து வருகிறோம்.

இதனாலேயே திருச்சபை அவசரம் காட்டுவதில்லை. தொடக்கத் திருச்சபையில் திருமுழுக்குக்கான ஆயத்தம் மூன்றாண்டுகள்வரை நீடித்ததுண்டு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் அப்பழைய படிநிலை ஆயத்தத்தை மீட்டெடுக்கப் பணித்தது. 1972இல் அதற்குரிய சடங்குமுறை வெளியாயிற்று. வளர்ந்தவர் தாமே விரும்பிக் கேட்க வேண்டும், மறையுண்மைகளில் போதிய அறிவு பெற வேண்டும், கிறிஸ்தவ வாழ்வில் பயிற்சியும் பெற்றிருக்க வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டம். விசுவாசத்தை ஏற்குமாறு எவரையும் வற்புறுத்துதல் ஆகாது என்பதையும் சங்கம் 1965இல் தெளிவாக உரைத்தது.

இனி, நம் இல்லங்களுக்கு வருவோம். திருமணத்தை முன்னிட்டு மருமகளோ மருமகனோ திருமுழுக்குக் கேட்டு வருவதுண்டு. அப்போது நாம் முதலில் எதைக் கேட்கிறோம்? “சுவாமி, எத்தனை வகுப்பு? திருமண நாளுக்கு முன் முடிந்துவிடுமா?” அந்தப் பிள்ளை பிறந்த வீட்டில் எத்தகைய வேதனையைச் சந்தித்து வருகிறாள் என்று கேட்டோமா? அவளோடு அமர்ந்து ஒரு நாளேனும் செபித்தோமா? செபமாலையை அவள் கையில் கொடுத்துவிட்டுத் தொலைக்காட்சிக்கு முன் நாம் அமர்ந்துவிட்டால், மறையாசிரியர் மாதக்கணக்கில் கற்பித்ததை ஒரே மாலையில் நாம் அழித்துவிடுகிறோம்.

ஞானப்பெற்றோரைத் தெரிவு செய்வதிலும் இதுவே நிலை. வசதியையும் உறவையும் பார்க்கிறோம். திருச்சபையோ உறுதிபூசுதல் பெற்று விசுவாச வாழ்வு வாழ்பவரை நாடுகிறது. ஞானத்தந்தையின் கடமை திருமுழுக்கு விருந்தோடு முடிவதில்லை, அன்றுதான் தொடங்குகிறது.

உங்கள் அயலிலே, உங்கள் பணியிடத்திலே, முகம் வாடிய ஒரு நீலகண்டபிள்ளை இன்று இருக்கக்கூடும். அவருக்குப் போதிக்க விரைய வேண்டாம். முதலில் அவருடைய துயரத்தைக் கேளுங்கள். அவர் வினவும்போது, உங்களைத் தாங்கிய இறைவனைப் பற்றிப் பணிவோடு சொல்லுங்கள். வழி காட்டுங்கள்; பின் விலகி நில்லுங்கள். ஆனால் செபத்தில் அவரை ஒருபோதும் கைவிடாதிருங்கள்.

புனித தேவசகாயமே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.