தூண்டில் கம்பு ஒடியும் இடம் தண்ணீர் அல்ல!

ஆண்டு மலருக்கு ஏதாவது டெக்னிக்கலா எழுதிக் கொடு என்று மலர்க்குழு நண்பர் கேட்டபோது, லேத், பாய்லர், ரோபோ என்று பல தலைப்புகள் மனதில் வந்து போயின. கடைசியில் நான் எடுத்துக்கொண்டது தூண்டில் கம்பு. சிரிக்காதீர்கள். நம் எஸ்.ஓ.எம். பாடத்தில் பாதியை எனக்கு விளங்க வைத்தது அந்தக் கம்புதான். அதுவும் அது ஒடிந்த பிறகு!

சூலூர்ப் பக்கம் என் அப்புச்சியிடம் பத்தடி நீளத்தில் ஒரு மூங்கில் தூண்டில் இருந்தது. ஒரே கம்பு, இணைப்பு கிடையாது. என் அம்மா பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே அது இருந்ததாம். குளத்தில் தண்ணீர் நின்ற வருஷங்களில் கெண்டை, ஜிலேபி, விரால் என்று அது தூக்காத மீன் இல்லை. கண் பார்வை மங்கியதும், "நீ வெச்சுக்க கண்ணு" என்று என்னிடம் கொடுத்துவிட்டார். முப்பது வருஷம் அவர் கையில் இருந்த கம்பு என்னிடம் ஐந்து மாசம்தான் இருந்தது. ஹாஸ்டலில் கட்டிலுக்குப் பின்னால், நரம்பைக்கூட அவிழ்க்காமல், சுவரில் சாய்த்து வைத்தேன். ஐப்பசி மழை முழுக்க அது அங்கேயே நின்றது. தை மாசம் ஊருக்கு எடுத்துப் போகும்போது டவுன் பஸ்ஸில் சீட்டுக்கு அடியில் நீளவாக்கில் போட்டேன். வழியில் யாரோ ஒருவர் தேங்காய் மூட்டையை அதன் மேல் இறக்கினார். "படக்" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

அப்புச்சி திட்டவில்லை. ஒடிந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "மீனு ஒடச்சிருந்தா ஊருக்கெல்லாம் சொல்லிக்கலாம் கண்ணு. இது மூட்டையில்ல ஒடச்சிருக்குது" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

அந்த ஒரு வார்த்தைதான் இந்தக் கட்டுரை. தூண்டில் கம்பு பெரும்பாலும் மீனால் ஒடிவதில்லை. வைக்கும் விதத்திலும் கொண்டுபோகும் விதத்திலும்தான் ஒடிகிறது. ஏன் என்று பார்ப்போம்.

வளைவதற்குப் பிறந்தது, நசுங்குவதற்கு அல்ல

தூண்டில் கம்பு ஒரு கேன்டிலீவர் பீம். அடியைக் கை பிடித்திருக்கிறது, நுனியில் மீன் லோடு. வளையும் எந்தக் கம்பிலும் வெளிப்பக்கத்து ஸ்ட்ரெய்ன் என்பது கம்பின் ஆரத்தை வளைவின் ஆரத்தால் வகுத்தால் வருவது. 2 மில்லிமீட்டர் கனமுள்ள நுனியை ஒரு மீட்டர் ஆரத்துக்கு வளைத்தால் ஸ்ட்ரெய்ன் 0.1 சதவீதம். அதே வளைவை 12 மில்லிமீட்டர் கனமுள்ள அடிப்பகுதிக்குக் கொடுத்தால் 0.6 சதவீதம். அதனால்தான் கம்பு நுனிக்குப் போகப் போக மெலிகிறது. மீன் இழுக்கும்போது லோடு கம்பு முழுக்கப் பரவுகிறது. மெலிந்த இடம் அதிகமாக வளைந்து கொடுக்கிறது, தடித்த இடம் தாங்கிக்கொள்கிறது.

தேங்காய் மூட்டை அப்படிச் செய்யவில்லை. ஒரே இடத்தில், குறுக்கே அழுத்தியது. மூங்கிலும் சரி, கடையில் விற்கும் கண்ணாடி நார் ராடும் கார்பன் ராடும் சரி, பெரும்பாலும் உள்ளே கூடான குழாய்கள்தான். நார்கள் நீளவாக்கில் ஓடுவதால் வளைவைத் தாங்கும். பக்கவாட்டில் அழுத்தினால் வட்டமான குழாய் முட்டை வடிவமாகி நீளவாக்கில் விரிசல் விடும். கண்ணுக்குத் தெரியாத விரிசலாகவும் இருக்கலாம். இன்று பஸ் கதவில் அடிபட்ட ராடு, அடுத்த மாசம் கால் கிலோ ஜிலேபிக்கு ஒடியும். பழி மட்டும் ஜிலேபிக்குப் போகும்!

கீறலும் அப்படித்தான். ஒரு தகட்டில் சின்ன வட்டத் துளை போட்டு இழுத்தால், துளையின் ஓரத்தில் ஸ்ட்ரெஸ் மூன்று மடங்காகும் என்று படித்திருக்கிறோம். கூரான கீறல் அதைவிட மோசம். மூங்கிலில் நார்கள் நெருக்கமாக இருப்பது வெளித்தோலை ஒட்டித்தான். கத்தியால் தோலைச் சீவுவதும், ஆணி அடித்து வளையம் மாட்டுவதும் அதன் பலமான இடத்தையே வெட்டுவதாகும். வளையத்தை நூலால் இறுகச் சுற்றிக் கட்டி வார்னிஷ் பூச வேண்டும்.

சமையல்கட்டு ரகசியம்

ஒடிந்த இடத்தைக் கவனித்தபோது இன்னொன்றும் தெரிந்தது. உள்ளே மஞ்சள் மாவு, குண்டூசி அளவில் ஓட்டைகள். மூங்கிலில் இருக்கும் மாவுச்சத்தைத் தின்னும் வண்டின் வேலை. அப்படியானால் மூட்டை பாதிக் குற்றவாளிதான். மீதிப் பாதி நான்.

அப்புச்சி வீட்டில் அந்தக் கம்பு எங்கே இருந்தது தெரியுமா? சமையல்கட்டில், அடுப்புக்கு மேலே, ஓட்டுக் கூரையின் விட்டத்தில் மூன்று கயிற்று வளையம் கட்டி, அதில் படுக்கையாகக் கிடந்தது. சின்ன வயதில் அதை வெறும் பழக்கம் என்று நினைத்தேன். இப்போது பார்த்தால் அதில் மூன்று காரணங்கள் இருக்கின்றன.

முதலாவது, புகை. விறகுப் புகை படிந்த மூங்கிலை வண்டு எளிதில் அண்டாது. இரண்டாவது, ஈரம். அடுப்புச் சூட்டில் கம்பு எப்போதும் உலர்ந்தே இருக்கும், பூஞ்சை பிடிக்காது. மூன்றாவது, தாங்கல். சாய்த்து வைத்த கம்பு தன் எடையாலேயே மெல்ல மெல்ல வளைந்து, மாசக்கணக்கில் அப்படியே நின்றால் நிமிராது. க்ரீப் என்று படிக்கிறோமே, அதுதான். நரம்பை இழுத்துக் கட்டியே வைத்தால் வில்லில் நாண் ஏற்றி வைத்த மாதிரி இன்னும் சீக்கிரம் கோணும்.

படுக்கையாக எங்கே தாங்குவது? கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரே சீரான கம்பை இரண்டு முனைகளில் தாங்கினால் நடுவில் வளைதிருப்பம் 0.125 wL². தாங்கலை முனையிலிருந்து 0.207 பங்கு உள்ளே தள்ளினால் அதிகபட்சமே 0.0214 wL²-தான். ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு! பத்தடிக் கம்புக்கு முனையிலிருந்து இரண்டடி உள்ளே என்று வையுங்கள். மெட்ராலஜி பாடத்தில் அளவுப் பட்டையைத் தாங்க ஏரி புள்ளிகள் என்று வருகிறதே, இரண்டு தாங்கலுக்கும் இடையில் 0.577 பங்கு தூரம், அதுவும் கிட்டத்தட்ட இதே இடம்தான். (இது நம்ம சூலூர் ஏரி இல்லை, சர் ஜார்ஜ் ஏரி என்ற விஞ்ஞானி!) நம் கம்பு நுனிக்குப் போக மெலிவதால் மெலிந்த பக்கம் இன்னொரு தாங்கல் வேண்டும். அப்புச்சியின் மூன்றாவது கயிறு அதற்குத்தான். அவர் எஸ்.ஓ.எம். படித்தவரில்லை.

இப்போது நம் வீடுகளில் விட்டமும் இல்லை, விறகடுப்பும் இல்லை. அதற்குப் பதில் இதைச் செய்யலாம். மூங்கிலை வெட்டியதும் இரண்டு மூன்று வாரம் தண்ணீரில் ஊறப் போட்டு, பிறகு நிழலில் காய வைத்தால் மாவுச்சத்து கரைந்து குறையும். காய்ந்ததும் வெட்டு வாய்களில் மறக்காமல் வார்னிஷ் அடிக்க வேண்டும். சுவரில் மூன்று மர முளை அடித்து, துணி சுற்றி, வெயிலும் சாரலும் படாத இடத்தில் படுக்க வைக்க வேண்டும். நரம்பைத் தளர்த்தி, முள்ளைக் கழற்றிவிட வேண்டும். நைலான் நரம்புக்கும் வெயில் ஆகாது.

துண்டு ராடு ஏன் வந்தது?

கொண்டுபோகும் பிரச்சினை நமக்கு மட்டும் வந்ததில்லை. மதராஸ் மாகாணத்தில் வேலை பார்த்த ஹென்றி சல்லிவன் தாமஸ் என்ற ஆங்கில அதிகாரி, நம் நாட்டு ஆறுகளில் தூண்டில் போடுவது பற்றி 1873-இல் ஒரு புத்தகமே வெளியிட்டார். நீலகிரியில் அவலாஞ்சியில் 1907-இல் டிரவுட் மீன் குஞ்சு பொரிப்பகம் அமைந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-இலும், ஊட்டி வரை 1908-இலும் ரயில் ஓடத் தொடங்கியது. பத்தடிக் கம்போடு ரயில் ஏறுவது யாருக்கும் லேசான காரியமில்லை. இரண்டு மூன்று துண்டாகக் கழற்றி, பித்தளைக் குழல் வைத்துச் சேர்க்கும் ராடு பிரயாணத்துக்குத் தோதானது. இன்று கடையில் கிடைக்கும் மடக்கு ராடும் அதே யோசனையின் தொடர்ச்சிதான்.

பின்லாந்து, கனடா போன்ற குளிர் நாடுகளில் உறைந்த ஏரியில் துளை போட்டு, பக்கத்தில் உட்கார்ந்தே மீன் பிடிப்பார்கள். அந்த ராடு இரண்டு மூன்றடிதான் இருக்கும். ஆனாலும் மெத்து வைத்த பையில்தான் கொண்டுபோகிறார்கள். வளையத்தில் தங்கிய நீர் உறைந்து நரம்பை அறுக்கும், கதகதப்பான வீட்டுக்குள் வந்ததும் ரீலில் நீர் முத்து முத்தாகக் கோத்துக்கொள்ளும். எனவே வீடு வந்ததும் பையைத் திறந்து உலர வைப்பது அங்கே முதல் வேலை. அங்கே பனி, இங்கே ஐப்பசி மழை. எதிரி ஒன்றுதான்: ஈரம்.

போர்க் குழாயில் ஓர் உறை

டிராயிங் ஷீட்டை மடக்காமல் குழாயில் போட்டுத்தானே கொண்டு வருகிறோம்? தூண்டிலுக்கும் அதையே செய்யலாம். கோயமுத்தூர்ச் சீமையில் பி.வி.சி. குழாய்த் துண்டு கிடைக்காத தோட்டம் உண்டா?

1. 75 மில்லிமீட்டர் குழாய், ராடின் துண்டு நீளத்தைவிட நான்கு அங்குலம் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். மெல்லிய ராடு ஒன்றே என்றால் 63 மில்லிமீட்டர் போதும். வெட்டிய விளிம்பை அரம் போட்டு மழுக்குங்கள்.
2. ஒரு முனைக்கு மூடியை சால்வென்ட் போட்டு ஒட்டுங்கள். மறுமுனைக்கு மரை மூடி.
3. இரண்டு முனையிலும் பழைய மெத்தை ஸ்பாஞ்சு இரண்டு அங்குலம் வையுங்கள்.
4. மூடிகளில் 3 மில்லிமீட்டர் துளை இரண்டு போடுங்கள். காற்றுப் போகாத குழாயில் ஈர ராடை அடைத்தால், ஊறுகாய் ஜாடிதான்.
5. துண்டுகளைத் தனித்தனியாகப் பழைய வேட்டித் துணியில் சுற்றி, மெலிந்த துண்டின் நுனி தடித்த துண்டுக்கு வெளியே நீளாதபடி சேர்த்துக் கட்டுங்கள். ரீலையும் முள்ளையும் தனி டப்பாவில் வையுங்கள்.

இணைப்பைக் கழற்றும்போது முறுக்காமல் நேராக இழுக்க வேண்டும். அடுத்த முறை இறுகாமலிருக்க மெழுகுவத்தியை லேசாகத் தேய்க்கலாம். மடக்கு ராடு என்றால் ஒவ்வொரு அடுக்கையும் துடைத்த பிறகே மடக்குங்கள். உள்ளே போன மணல் எமரித் தாள் மாதிரி அராவும். குழாயை வெயிலில் நிறுத்திய வண்டிக்குள்ளோ வண்டியின் கூரை மேலோ நாள் முழுக்க விடாதீர்கள். பி.வி.சி. சூட்டில் இளகிக் கோணும்.

முக்கியமானது: தலைக்கு மேலே பாருங்கள்

ராடு போனால் வேறு வாங்கலாம். உயிர் போனால்? கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். ஈர மூங்கிலும் கடத்தும். 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளின்படி 11 கே.வி. கம்பி சாலைக்குக் குறுக்கே போனால் தரையிலிருந்து குறைந்தது 6.1 மீட்டர் உயரம் வேண்டியிருந்தது. சாலை அல்லாத வெளியிலோ, உறையில்லாத கம்பிக்கு 4.6 மீட்டரே போதும் என்றது அதே விதி. பன்னிரண்டடி ராடு 3.65 மீட்டர். அதைத் தோளில் நிமிர்த்திப் பிடித்தால், நம் தோள் 1.4 மீட்டர் உயரத்தில் இருக்க, நுனி ஐந்து மீட்டரைத் தாண்டிவிடும். குளத்துக் கரை மேலே ஏறினால் இன்னும் உயரம். உயர் அழுத்தக் கம்பியைத் தொடவே வேண்டாம், மிக நெருங்கினாலே மின்சாரம் பாயலாம். ஆகவே ராடைப் பூட்டுவது தண்ணீர் ஓரத்தில் மட்டும், அதுவும் மேலே பார்த்துவிட்டு. கழற்றிய பிறகுதான் கரையேற வேண்டும். பைக்கில் பின்னால் உட்கார்ந்து நீளமான ராடை நிமிர்த்திப் பிடிக்கும் வேலையே வேண்டாம். பஸ்ஸில் முள் மாட்டிய நரம்போடு ஏறுவதும் கூடாது. பக்கத்துச் சீட்டில் குழந்தை இருக்கும்.

கடைசியாக ஒன்று. ஒடிந்த கம்பில் நுனிப்பக்கம் ஆறடி நல்லபடியாக இருந்தது. வண்டு தொட்ட பகுதியை அறுத்துவிட்டு, வெட்டு வாய்க்கு வார்னிஷ் அடித்து, நடுவில் நறுக்கி இரண்டு துண்டாக்கி, நம் ஒர்க்‌ஷாப் லேத்திலேயே பித்தளை இணைப்புக் கடைந்து பொருத்தினேன். குழாய் உறையோடு அதைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊருக்குப் போனபோது அப்புச்சி திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

"ஏங்கண்ணு, போருக்குக் குழாய் எறக்கப் போறியா?" என்றார். மூடியைத் திறந்து கையில் கொடுத்தேன். கண் சரியாகத் தெரியாதவர், அடியிலிருந்து நுனி வரை விரலால் தடவினார். ஒவ்வொரு கணுவையும் அவர் விரல் அடையாளம் கண்டது. இணைப்பு வந்த இடத்தில் கொஞ்சம் நின்றது.

"பரவால்ல. குளத்துக்குப் போலாமா?" என்றார்.

போனோம். மீன் எதுவும் மாட்டவில்லை. கம்பு பத்திரமாக வீடு வந்து சேர்ந்தது.

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் மாணவன்